நன்றி போதவில்லை

பெரிய மேடம் வீட்டுக்கு இந்த முறையும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் போனேன். முன்கதவு விருந்தாளிகளுக்கு. காலை பத்து மணி, நல்ல வெயில். பேயைப் பற்றிய நினைப்பே இல்லை. மூன்று மாதமாக வேலை இல்லாதவளுக்கு அந்த ஆடம்பரமெல்லாம் வராது.

மேடம் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. வீட்டை நினைவகம் ஆக்குகிறார்கள். முன்கூடத்துச் சுவரில் எழுத அவருடைய வாழ்க்கை வரலாறு பத்துப் பத்தியில் வேண்டுமாம்.

"நம்ம டிரஸ்ட்ல படிச்ச பொண்ணே எழுதினா ஒரு இது இருக்கும்ல," என்றார் மேனேஜர்.

அந்த 'இது' என்னவென்று எனக்குத் தெரியும்.

மேடத்தின் படிப்பறையிலேயே உட்கார வைத்தார்கள். ஓவியங்கள் வெளிறிவிடும் என்று அந்த அறையில் திரையை விலக்குவதே இல்லை. பட்டப்பகலிலும் உள்ளே அந்தி மாதிரி இருக்கும். பாச்சை உருண்டை வாடை, பழைய எண்ணெய்ச் சாயத்தின் வாடை. மேசைமேல் பீங்கான் குவளையில் ஆறு பச்சைப் பென்சில்கள், முனை சீவியபடி.

அந்தப் பச்சையை எனக்கு நன்றாகவே தெரியும்.

உதவித்தொகை வாங்கும் பிள்ளைகள் வருடம் ஒருமுறை நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டு வந்து இந்த மேசை முன்னால் நிற்க வேண்டும். மேடம் புதினா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு திருத்துவார். மிட்டாய் பல்லில் தட்டும். டக். டக். முதல் வருடம் நான் எழுதியிருந்தேன்: உங்கள் கலைக்கூடத்துக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து என் அப்பா விழுந்து செத்தார்.

பச்சைக் கோடு அந்த வரியின்மேல் நிதானமாக ஓடியது. ஓரத்தில் எழுதினார்: 'தேவையில்லை. நன்றி போதவில்லை.'

நஷ்டஈடு கேட்டுப் போன அம்மாவின் கையில் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கொடுத்து அனுப்பியவர்கள் இவர்கள். அதே என் அம்மாதான் என் பக்கத்தில் நின்று கிசுகிசுத்தாள். "எடுத்துட்டு எழுதுடி. மொதல்ல படிச்சு முடி."

எடுத்துவிட்டு எழுதினேன். மூன்று வருடமும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அப்படித்தான் உருவானாள்.

இப்போது வரலாற்றை ஒழுங்காகத்தான் எழுதினேன். இருபத்திரண்டு வயதில் மூன்று ஆலைகளுக்கு வாரிசு. எந்த ஆலைக்குள்ளும் கால் வைக்காதவர். பட்டினி கிடந்த ஓவியர்களுக்குச் சோறும் சாயமும் கொடுத்தவர். எல்லாம் நிஜம்தான். எட்டாவது பத்தியில் கலைக்கூடம் வந்தது. அதில் அப்பாவின் வரியைச் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது வரி அடிக்கப்பட்டிருந்தது.

பச்சையில்.

தாளை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனேன். "சார், பிடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. அந்தம்மா மாதிரி கிறுக்காதீங்க."

அவர் தாளைத் தொடவே இல்லை. "நான் நீலப் பேனா ஆளும்மா," என்று மட்டும் சொன்னார்.

வெளியே கூட்டிக்கொண்டிருந்த வேலைக்கார அக்காதான் என் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவங்க போனப்புறமும் பென்சில் தேஞ்சுகிட்டுதான் இருக்கு கண்ணு. நான்தானே சீவலை அள்ளுறேன். பேய்க்குக் கூட்டுறதுக்குத் தனிச் சம்பளம் உண்டான்னு கேட்டேன். மொறைக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு பென்சில்களையும் என் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். அறைக் கதவை உள்பக்கம் பூட்டினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, புதுத் தாளில் அந்த வரியை மறுபடி எழுதினேன்.

சுவரில் கடிகாரம் ஓடியது. வேறு சத்தமில்லை.

பிறகு புதினா வாசம் வந்தது.

முதலில் லேசாக. பிறகு யாரோ என் முகத்துக்கு மிக அருகில் வாயைத் திறந்தது போல.

டக்.

மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

டக். டக்.

என் கைக்குக் கீழே தாள் அழுந்தியது. அந்த அழுத்தத்தை விரலில் உணர்ந்தேன். அப்பாவின் வரியின் முதல் எழுத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அது நகர்ந்தது. அவசரமே இல்லை. 'சாரம்' போயிற்று. 'அப்பா' போயிற்று. 'செத்தார்' போயிற்று. ஓரத்தில் அதே சாய்ந்த எழுத்து: நன்றி போதவில்லை.

பயத்தில் பாதம் சில்லிட்டுவிட்டது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பத்தொன்பது வயதிலிருந்து உள்ளே கிடந்த கோபம்.

"செத்தும் திருத்துறியா நீ?" என்றேன். அந்த வீட்டில் என் வாயிலிருந்து வந்த முதல் 'நீ'.

மறுபடி எழுதினேன். அடித்தாள். எழுதினேன். அடித்தாள். தாள் நிரம்பியதும் இன்னொரு தாள். மடியில் பை சூடேறியது. உள்ளே ஏதோ கரகரவென்று தேய்ந்துகொண்டிருந்தது. பதினேழாவது முறை எழுதியபோது கோடு பாதி வரியில் நின்றது. பையைத் திறந்தேன். ஆறு பென்சில்களும் நகக்கண் அளவு கட்டைகளாகக் கிடந்தன. மற்றதெல்லாம் சீவல்.

பாதி அடிபட்ட வரியை முழுதாக எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி சிற்பம் ரெண்டாவது வருஷம்தானே? நம்ம உதவித்தொகைல?"

"ஆமா."

"இந்த வரி இருந்தா அது இருக்காதும்மா. யோசிச்சுக்கோ."

வராந்தாவில் நின்று தங்கைக்குப் போன் போட்டேன். நடந்ததில் பேயை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"அக்கா, அந்த வரிய எடுத்துட்டு வீட்டுப் பக்கம் வந்துடாத. கதவைத் தொறக்க மாட்டேன்," என்றாள். "ஏற்கெனவே மூணு வருஷம் எடுத்தாச்சு."

வரியை எடுக்க மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அடிபட்ட தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்கதவு வழியாக வெளியே வந்தேன்.

தங்கை இப்போது துணிக்கடைப் பொம்மைகளுக்கு முகம் தேய்க்கும் பட்டறையில் காலையில் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறாள். நேற்று நினைவகம் திறந்தார்கள். சுவரில் எட்டாவது பத்தி மேனேஜர் எழுதியது: 'பலரின் உழைப்பால் எழுந்த கலைக்கூடம்.' என் அப்பா அந்தப் பலருக்குள் எங்கேயோ கிடக்கிறார். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதினேன், நீங்களாவது படிப்பீர்கள் என்று.

இன்று காலை எழுதி முடித்துவிட்டு டீ போடப் போனேன். எங்கள் வீட்டில் களிமண் உண்டு, உளி உண்டு, பச்சைப் பென்சில் கிடையாது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

வந்து பார்த்தால் ஒரே ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது. எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

டீ வாசத்தை மீறிப் புதினா வாசம் அடிக்கிறது. காதோரம் டக் என்கிறது. பேனாவை எடுத்துவிட்டேன். அவள் அடிக்கட்டும்.

உங்கள் கலைக்கூடத்துக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து என் அப்பா விழுந்து செத்தார்.