மஞ்சள் மழைக்கோட்டுக்காரி

மஞ்சள் மழைக்கோட்டு போட்ட அந்தப் பெண் ஆறாவது தடவையாகக் காரில் அடிபட்டுப் பறந்தபோதுதான், அது தன் அம்மாவின் குரல் என்று மெர்ரனுக்கு உறைத்தது.

“ஐயோ, என் முட்டை!”

ஃபிரேஸரும் டூகியும் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். முதல் ஐந்து தடவை மெர்ரனும் சிரித்திருந்தாள். ஆறாவது தடவை சிரிக்கவில்லை.

டண்டீ நகரில் அன்றைக்கு நல்ல மழை. ஃபிரேஸரின் வீடு பதினான்காம் மாடி. ஜன்னலில் டே நதியும் தெரியவில்லை, பாலமும் தெரியவில்லை. டிவிக்குள் மட்டும் வெயில் கொளுத்தியது.

‘கறுப்புத் துறைமுகம்’ என்ற அந்த வீடியோ கேமில் யாருடைய காரை வேண்டுமானாலும் திருடலாம். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் ஓட்டலாம். போலீஸ் துரத்தும். பிடித்தாலும் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். அதன் அட்டையில் பெரிதாக ‘18’ என்று போட்டிருந்தது.

“நம்ம மூணு பேர் வயசையும் கூட்டினா முப்பது வருது. பதினெட்டை விட நிறையத்தான்” என்று டூகி கணக்குச் சொல்லியிருந்தான்.

கேம் ஃபிரேஸரின் அண்ணன் க்ரெகருடையது. அவன் ரொட்டிக்கடையில் வேலைக்குப் போயிருந்தான். போகும்போது “தொட்டா கையை உடைப்பேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். தினமும் அதையேதான் சொல்வான்.

“மறுபடி வர்றா, மறுபடி வர்றா!” என்று டூகி கத்தினான்.

அந்தப் பெண் எத்தனை தடவை அடிபட்டாலும், கொஞ்ச நேரத்தில் மீன்கடை வாசலில் மறுபடி முளைத்து நடக்க ஆரம்பித்துவிடுவாள். மழையே பெய்யாத ஊரில் மஞ்சள் மழைக்கோட்டு. கையில் ஒரு பை. அதில் முட்டை இருந்ததாகவே தெரியவில்லை.

ஃபிரேஸர் ஹாரன் அடித்தான். அவள் திரும்பி, “கண்ணை முதுகுலயா வச்சிருக்க?” என்று கேட்டாள்.

போன வாரம் சைக்கிள்காரன் ஒருவன் உரசிக்கொண்டு போனபோது அம்மா கேட்ட அதே கேள்வி. முட்டைப் பெட்டி கை தவறியபோது அம்மா போட்ட அதே கூச்சல்.

“எனக்கு வயிறு வலிக்குது. நான் வீட்டுக்குப் போறேன்” என்றாள்.

“ஏழாவதைப் பார்த்துட்டுப் போ!” என்றான் ஃபிரேஸர்.

அவள் ஏழாவதைப் பார்க்கவில்லை. லிஃப்டின் கதவு மூடும்போது காதில் மட்டும் விழுந்தது.

வழியெல்லாம் மண்டை குழம்பியது. அது அம்மா இல்லை, வெறும் படம். ஆனால் குரல் அம்மாவுடையது. அம்மாவுக்கு வலிக்கப் போவதில்லை. அப்படியென்றால் தனக்கு ஏன் வலிக்கிறது? யாரோ ஒரு பெண் என்று நினைத்தபோது சிரிக்கத்தானே செய்தாள்? யாரோ என்றால் சிரிக்கலாமா?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அம்மாவிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் பதினெட்டு போட்ட கேம் பக்கமே போகக் கூடாது என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். கால்பந்து கேம் விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் மெர்ரன் காலையில் கிளம்பியிருந்தாள்.

வீட்டில் அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். மேசை மேல் நான்கு முட்டைகள் இருந்தன.

ஒருவேளை வேறு யாருடைய குரலோ? சோதித்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஒரு முட்டை போதும்.

மெர்ரன் ஒரு விரலால் லேசாகத் தள்ளினாள்.

“ஐயோ, என் முட்டை!”

அச்சு அசல் அதே குரல். மெர்ரன் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அடியே, ஒரு முட்டைதானே உடைஞ்சுது? அதுக்கு யாராவது அழுவாங்களா?”

“முட்டைக்கு அழல. உன்னை... உன்னை ஏழு தடவை காரால இடிச்சுட்டாங்கம்மா.”

அம்மா குனிந்து தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “என்னையா? எப்ப?”

“கால் மணி நேரம் முன்னாடி.”

“கால் மணி நேரம் முன்னாடி நான் கிழங்கு சீவிட்டிருந்தேனே!”

“மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தே.”

அம்மாவின் கையிலிருந்த கத்தி நின்றது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பாதி வழியில் அது கோபமாக மாறியது.

“அந்தக் கேமை நீ எங்கடி பார்த்த? அதுல பதினெட்டுன்னு போட்டிருக்குமே!”

“நீ எப்பம்மா அதுக்குள்ள போன?”

“நான் முதல்ல கேட்டேன்.”

“நான்தான் முதல்ல அழுதேன்.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். “சரி. நீ அப்ப ஏழு மாசக் குழந்தை. ஆத்தங்கரைல பழைய சணல் ஆலை இருக்குல்ல, அங்கதான் இந்தக் கேமைச் செய்தாங்க. தெருவுல போற சனங்களுக்குக் குரல் வேணும், யார் வேணா வரலாம்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. எனக்கு வேலை இல்ல. போனேன்.”

“கத்தச் சொன்னாங்களா?”

“கார் மோதுற மாதிரி கத்துன்னாங்க. மோதாம எப்படிக் கத்துறது? எனக்கு வரவே இல்ல. அந்த அறையில சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி ஸ்பாஞ்சு ஒட்டியிருந்துச்சு. சரி, முட்டை விழுந்ததா நினைச்சுக்கிட்டுக் கத்தினேன்.”

மெர்ரனுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. “உன் பேரு போட்டாங்களா?”

“யாரு? ஆயிரம் பேரு பட்டியல்ல வந்தாங்க. கத்தினவ பேரை மட்டும் காணோம்” என்றாள் அம்மா. கிழங்கில் தோலோடு கொஞ்சம் சதையும் போனது. “இத்தனைக்கும் நான் கத்தினது ஆறோ ஏழோதான். மொத்தம் அறுபது வசனம் பேசினேன். மிச்சமெல்லாம் சும்மா நடந்து போறப்ப பேசுறது. கடைசியா வீடு போய்ச் சேர்ந்ததும் பேசுற வசனம் நானாச் சொன்னது. தள்ளுவண்டியில நீ வெளியே அழுதுட்டிருந்தே. நான் என்னவோ சொன்னேன், அது நல்லா இருக்குன்னு அதையும் வச்சுக்கிட்டாங்க.”

“என்ன சொன்னே?”

அம்மா யோசித்தாள். “மறந்து போச்சு கண்ணு. பத்து வருஷம் ஆச்சே.”

“அப்ப நான் போய்க் கேட்கணும்.”

“கூடாது. அது பெரியவங்க கேம்.”

“நீ கத்தலாம், நான் கேட்கக் கூடாதா?”

அம்மா இன்னொரு கிழங்கை எடுத்தாள். சீவாமலே வைத்தாள். எது நியாயம் என்று அவளுக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

“ஒரே ஒரு தடவை” என்றாள் கடைசியில். “துப்பாக்கி கூடாது. யாரையும் இடிக்கக் கூடாது. என்கிட்ட இனிமே பொய்யும் கூடாது.”

“இடிக்காம அதுல என்னம்மா பண்றது?”

“நடந்து போ. காலு எதுக்கு இருக்கு?”

“அது நீதான்னு அவனுங்ககிட்ட சொல்லட்டுமா? சொன்னா இடிக்க மாட்டானுங்க.”

“சொல்லிப் பாரு. திங்கட்கிழமை சாப்பாட்டு வரிசையில இருநூறு வாலும் ‘ஐயோ, என் முட்டை’ன்னு கத்தும். நான் கரண்டியைத் தூக்கிட்டு எத்தனை பேரைத் துரத்துறது?”

அதுவும் சரிதான். மெர்ரனின் பள்ளிக்கூடத்தில்தான் அம்மா சமையல் வேலை பார்த்தாள்.

சொன்னால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேலி. சொல்லாவிட்டால் அம்மா அடிபட்டுக்கொண்டே இருப்பாள். மறுநாள் பதினான்காம் மாடி போய்ச் சேரும்வரை மெர்ரன் இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள்.

“முப்பத்தொண்ணு!” என்று கதவைத் திறந்ததுமே டூகி பெருமையாகச் சொன்னான். எண்ணிக்கையை ஒரு பழைய நோட்டில் வேறு குறித்து வைத்திருந்தான்.

மெர்ரன் கோபத்தை விழுங்கினாள். “அவகிட்ட ஒரு ரகசிய வசனம் இருக்கு, தெரியுமா?”

“எவகிட்ட?”

“மஞ்சள் மழைக்கோட்டுகிட்ட. அவ பாட்டுக்கு நடந்து போய்ச் சேர விட்டாத்தான் சொல்லுவா. இதுவரைக்கும் யாருமே கேட்டிருக்க மாட்டாங்க.”

“உனக்கு யாரு சொன்னா?” என்று ஃபிரேஸர் சந்தேகமாகப் பார்த்தான்.

“அந்தக் கேம்ல வேலை செய்த ஒருத்தங்க.”

பொய் இல்லை. ஃபிரேஸரின் புருவம் உயர்ந்தது. க்ரெகருக்கே தெரியாத ஒன்று இந்தக் கேமில் இருக்கிறதா? அவன் கன்ட்ரோலரை நீட்டினான்.

மெர்ரன் காரை விட்டு இறங்கினாள். திரையில் அவள் இயக்கிய, கறுப்புக் கோட்டுப் போட்ட பெரிய ரௌடி, மீன்கடை வாசலிலிருந்து மஞ்சள் மழைக்கோட்டின் பின்னால் பத்தடி தள்ளிப் பூனை மாதிரி நடக்க ஆரம்பித்தான்.

“மழை வரும்னு சொன்னாங்க. எங்க வந்துச்சு?” என்றாள் அவள்.

“ஏய், பேசுறா!” என்று டூகி சோபாவில் நிமிர்ந்தான்.

“அந்தக் கடை ரொட்டி நேத்து சுட்டது. வாங்காதீங்க.”

“க்ரெகர் கடையைச் சொல்றா!” என்று ஃபிரேஸர் சிரித்தான்.

அப்போது சந்துக்குள்ளிருந்து ஒரு லாரி வந்தது. யாரும் ஓட்டச் சொல்லாத, கேமின் சொந்த லாரி.

“ஐயோ, என் முட்டை!”

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

“இது நம்ம கணக்குல வராது” என்றான் டூகி மெதுவாக.

“இந்த ஊருல ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியலடா!” என்று ஃபிரேஸருக்குக் கோபம் வந்தது. நேற்று முழுக்க நடைபாதையிலேயே கார் ஓட்டியவன் அவன். “அவளுக்குக் காவல் வேணும்.”

“பஸ்!” என்றாள் மெர்ரன். “பஸ்ஸைப் பின்னாலேயே மெதுவா ஓட்டிட்டுப் போனா ஒரு வண்டியும் அவகிட்ட வர முடியாது. ஃபிரேஸர், நீ ஓட்டு. உன்னால மெதுவா ஓட்ட முடியுமா?”

“மெதுவாவா? இதுவரைக்கும் ஓட்டினதே இல்லையே.”

ஒரு பஸ்ஸைத் திருடினார்கள். திருடாமல் பஸ் எடுக்க அந்தக் கேமில் வழியே இல்லை. மெர்ரன் எவ்வளவோ தேடிப் பார்த்தாள்.

மீன்கடை வாசலில் மஞ்சள் மழைக்கோட்டு மறுபடி முளைத்தது. அதன் பின்னால் ஒரு பெரிய சிவப்பு பஸ் ஊர்ந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் நாற்பது கார்கள் ஹாரன் அடித்தன. கடைசியில் இரண்டு போலீஸ் வண்டிகள், துரத்துவதற்கு இடமில்லாமல் வரிசையில் நின்றன.

“இடது பக்கம் பைக்!” என்று டூகி கத்தினான். அவன் டிவிக்கு அரையடி தூரத்தில் நின்று நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். “சிவப்பு விளக்கு! அவ நிக்கிறாடா, நீயும் நில்லு!”

ஃபிரேஸர் நிறுத்தினான். திருட்டு பஸ் சிக்னலுக்கு நின்றது. அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

“முழங்கால் வலிக்குது. மலைமேல யாரு வீடு கட்டச் சொன்னா?” என்று அவள் முணுமுணுத்தாள்.

ஃபிரேஸர் முகத்தைச் சுருக்கினான். “இந்தக் குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே...”

“ரோட்டைப் பாரு!” என்றாள் மெர்ரன் அவசரமாக.

மேட்டுத் தெருவின் கடைசியில் ஒரு நீலக் கதவு இருந்தது. மஞ்சள் மழைக்கோட்டு அதன் முன்னால் நின்றது. ஃபிரேஸர் பஸ்ஸை நிறுத்தினான். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே யாரையோ பார்த்துச் சொன்னாள்:

“வந்துட்டேன்டி தங்கம். அழாத. அம்மா வந்துட்டேன் பாரு.”

கதவு மூடியது.

டூகி மூக்கை உறிஞ்சினான். “சளி” என்றான், யாரும் கேட்காமலே.

ஃபிரேஸர் நீலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். “வீட்டுல குழந்தை இருந்திருக்கு” என்றான். “நாம ஒரு தடவைகூட அவளைப் போக விடல.”

சந்தோஷமா, வருத்தமா என்று மெர்ரனுக்கே தெரியவில்லை. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது இதைக் கேட்டு அழுகையை நிறுத்தினாளா என்றும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்க வேண்டும்.

டூகி நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை மதியம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரிசை நீளமாக இருந்தது. ஃபிரேஸர் தட்டோடு முன்னால் நின்றான். பின்னாலிருந்து டூகி இடிக்க, தட்டு சாய்ந்து பீன்ஸ் குழம்பு மேசையெல்லாம் ஓடியது.

“டேய், கண்ணை முதுகுலயா வச்சிருக்க?” என்றாள் அம்மா கரண்டியோடு.

ஃபிரேஸர் சிலையாக நின்றான். டூகி சிலையாக நின்றான். இருவரும் மெதுவாகத் தலையைத் திருப்பி, பக்கத்து வரிசையில் நின்ற மெர்ரனைப் பார்த்தார்கள். மெர்ரன் தன் தட்டைப் பார்த்தாள்.

டூகி வாயைத் திறந்தான். ஃபிரேஸர் அவன் காலை ஓங்கி மிதித்தான். டூகி வாயை மூடினான். வரிசையில் மிச்சமிருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

“மன்னிச்சிடுங்க, மிசஸ் கெய்ர்ட்” என்றான் ஃபிரேஸர். காதெல்லாம் சிவந்திருந்தது. “முப்பத்தொரு தடவை மன்னிச்சிடுங்க.”

அம்மா அவனைப் பார்த்தாள். மெர்ரனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஒரு தடவை போதும்டா” என்று சொல்லிவிட்டு, அவன் தட்டில் ஓர் அவித்த முட்டைக்குப் பதிலாக இரண்டை வைத்தாள். “பார்த்துக் கொண்டுபோ. கீழே போட்டே, நான் கத்துவேன்.”