இரண்டு துண்டுச் சிவப்பு டேப்

ஒக்டோபர் 10, வெள்ளி. இன்றைய பிழை: காலையில் அலுவலகத்துக்கு வந்த பெண்ணுக்குக் கதிரையைக் காட்டுவதற்கு முன்பே பெயரையும் முகவரியையும் கேட்டுவிட்டேன். அவர் நின்றுகொண்டே பதில் சொன்னார்.

நிலூஷாவின் நாட்குறிப்பு எப்போதும் பிழையில்தான் தொடங்கும். பகலில் அவள் குண்டசாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கோசலாவின் அலுவலகத்தில் வேலை செய்தாள். மாலையில் கண்டியில் தீப்பாதுகாப்பு வகுப்பு. அம்பிட்டிய பஸ்ஸில் வீடு திரும்பும்போது அன்று பார்த்ததை வரிசையாக எழுதுவாள். எழுதியது சரிதானா என்ற சந்தேகம் மட்டும் அவளை விட்டுப் போனதில்லை.

கோசலா காப்புறுதிக் கம்பனிகளுக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை எழுதுபவர். யாழ்ப்பாணத்தார். குரலை உயர்த்திப் பேசி நிலூஷா கேட்டதில்லை.

காலையில் வந்தவர் ஹுன்னஸ்கிரிய தோட்டத்து ஞானேஸ்வரி. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

"நீங்கதான் அந்த ஹோட்டல் நெருப்பப் பத்தி எழுதப் போறீங்களாம். எங்க வீட்டுக்காரரு எட்டு நாளா ரிமாண்ட்ல இருக்காரு மிஸ். அவரு பொய் சொல்ற ஆளில்ல. அத மட்டும் எழுதிக் குடுங்க."

"நான் ஆருக்காகவும் எழுதுறேல்லை அம்மா," என்றார் கோசலா. "அங்கை இருக்கிறதைத்தான் எழுதுவன். இருந்து சொல்லுங்கோ."

அவருடைய கணவன் சந்திரகுமாருக்குக் கட்டடங்களின் காற்றுக் குழாய்களில் புகையுணரி பொருத்துவதும் அதைப் பராமரிப்பதும் தொழில். ஏ.சி. காற்று போகும் பெரிய தகரக் குழாய்க்குள், வரிசையாகத் துளையிட்ட சிறிய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில் புகை வந்தால் அந்தத் துளைகள் வழியே உணரிக்குப் போகும். உணரி மணியை அடித்து, விசிறியை நிறுத்திவிடும். விசிறி நிற்காவிட்டால் கீழ்மாடிப் புகையைக் குழாயே மேல்மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

ஒக்டோபர் இரண்டாம் திகதி நடந்தது அதுதான். கண்டி நகரத்து ஹோட்டல் ஒன்றின் கீழ்மாடிச் சலவையறையில், துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேர்ந்திருந்த பஞ்சில் தீப்பிடித்தது. மணி அடிக்கவில்லை. விசிறியும் நிற்கவில்லை. இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத துணியறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ராக்கம்மா புகையில் மயங்கி விழுந்தார். இன்னும் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு இருக்கிறார்.

"செப்டம்பர் பன்னெண்டாந் தேதி இவரு போயி, புகை அடிச்சி டெஸ்ட் பண்ணி, மணி அடிச்சிச்சின்னு ஷீட்ல எழுதியிருக்காரு," என்றார் ஞானேஸ்வரி. "பெரஹெர டேப்ப நாந்தான் உரிச்சிப் போட்டேன்னு சத்தியம் பண்றாரு. ஆனா நெருப்புக்குப் பொறகு தொறந்து பாத்தா டேப்பு ஒட்டுனபடியே இருக்காம். டெஸ்ட் பண்ணாமலே கையெழுத்துப் போட்டான்னு புடிச்சிட்டுப் போயிட்டாங்க. ராக்கம்மாக்காவுக்கு ஒண்ணு ஆயிட்டா கேஸே வேறயாம்."

பெரஹெர டேப் என்னவென்று கண்டியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஓகஸ்ட்டில் பெரஹெர ஊர்வலம் போகும் வீதிகளில் கொப்பரைத் தீப்பந்தங்களின் புகை மூக்கை அடைக்கும். அது ஹோட்டலின் காற்று வாயில் வழியாக உள்ளே போனால் மணி அலறி, விருந்தினர் எல்லோரும் படியிறங்கி ஓடுவார்கள். அதனால் அந்த ஹோட்டலில் ஊர்வலத்துக்கு முன்னர் துளைகளின் மேல் சிவப்பு டேப்பை ஒட்டிவிடுவார்கள். பிறகு சோதனை செய்ய வருபவர் அதை உரிக்க வேண்டும். இது எங்கும் எழுதப்படாத ஏற்பாடு.

"நானும் வாறேன் மிஸ். வெளியிலயே நிக்கிறேன்," என்றார் ஞானேஸ்வரி.

ஹோட்டல் முகாமையாளர் ராஜலிங்கம் வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க மேடம், வாங்க. இதுல துப்பறிய என்னா இருக்கு? டேப்பு இருக்கு, அவன் கையெழுத்து இருக்கு. ரெண்டையும் படம் புடிச்சா உங்க வேல முடிஞ்சிச்சே. நல்ல இஞ்சிப் பிளேன்டீ ஒண்ணு போடச் சொல்றேன்."

"தேத்தண்ணியைப் பிறகு குடிப்பம். ஏணி இருக்கோ?"

ஏணியைக் கொண்டுவந்தவர் பஹ்மி, ஹோட்டலின் பராமரிப்பு மேற்பார்வையாளர். ஜும்ஆத் தொழுகை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். காற்றுக் குழாயிலிருந்த சிறு கதவை அவர் தன் சாவியால் திறந்துவிட, நிலூஷா ஏறினாள். காப்புறுதி ஆராய்ச்சி முடியும்வரை எதையும் உரிக்க வேண்டாம் என்று பொலிஸார் சொல்லியிருந்ததால் எல்லாம் அப்படியே இருந்தது.

"துளை எல்லாத்துக்கும் மேல சிவப்பு டேப் மிஸ். மேல கரி."

"கரியைத் துணியாலை மெல்லத் துடைச்சுப் பாரும்."

கரி போனதும் டேப் பளிச்சென்று சிவந்தது. பக்கத்திலிருந்த தகரச் சுவரில் கரியின் அடியில் சாம்பல் நிறப் பஞ்சு கம்பளி போலப் படிந்திருந்தது. இரண்டையும் நிலூஷா எழுதினாள். சுவரில் பஞ்சு இருக்க டேப்பில் ஏன் இல்லை என்று ஒரு கணம் நினைத்தாள். தனக்கு என்ன தெரியும் என்று அந்தக் கேள்வியை எழுதாமல் விட்டாள்.

சலவையறையில் அவள் பட்டியல் போட்டாள். சலவை இயந்திரம் மூன்று. உலர்த்தும் இயந்திரம் இரண்டு, ஒன்று எரிந்தது. இஸ்திரி மேசை ஒன்று. "வேற விசேஷமா ஒண்ணுமில்ல மிஸ்."

கோசலா ஒரு சலவை இயந்திரத்தின் முன்னால் குனிந்தார். கரி படிந்த கதவில், கரிக்கு அடியில் சந்தனமும் குங்குமமும் வட்டமாகக் காய்ந்திருந்தன. இஸ்திரிப்பெட்டியின் கைப்பிடியிலும் அதே பொட்டு.

"இது?"

"அது... ஆயுத பூசைப் பொட்டு மிஸ். எங்க வீட்டுத் தையல் மெஷின்லயும் இருக்கு. எல்லா இடத்திலயும் இருக்கும்."

"அதாலதான் உம்முடைய கண்ணிலை படேல்லை. எண்டைக்குப் பூசை?"

"நெருப்புக்கு முதல் நாள். ஒண்ணாந் திகதி." நிலூஷா பட்டியலில் பொட்டையும் சேர்த்தாள்.

கோசலா ராஜலிங்கத்திடம் திரும்பினார். "ஹோட்டலிலை இருக்கிற மற்ற ஐஞ்சு டிடெக்டரையும் பாக்கவேணும்."

"எதுக்கு மேடம்? நெருப்பு வந்தது இதுலதானே. மூணாம் மாடியில கெஸ்ட் இருக்காங்க, ஏணியத் தூக்கிட்டுப் போனா..."

"ஏணியைத் தூக்கிக்கொண்டு போவம்."

நான்கு சுத்தமாக இருந்தன. மூன்றாம் மாடியில் இருந்த ஒன்றில் டேப் இருந்தது. நிலூஷா முதலில் அதை டேப் என்றே அறியவில்லை. சாம்பல் நிறப் பஞ்சு அதன் மேல் அவ்வளவு தடித்திருந்தது. நகத்தால் சுரண்டியபோதுதான் சிவப்புத் தெரிந்தது.

ஏணியின் மேலேயே நின்று அவள் சோதனைத் தாளின் பிரதியை விரித்துப் பார்த்தாள். ஆறு வரி. ஆறிலும் 'புகையால் சோதிக்கப்பட்டது, சரி.' ஆறிலும் ஒரே கையெழுத்து. மூன்றாம் மாடி வரியின் மேல் விரலை வைத்தாள்.

"மிஸ்," என்று மெதுவாகச் சொன்னாள், "இது..."

"தெரியுது. இறங்கும்."

முகாமையாளர் அறையில் நால்வர் கூடினார்கள். வெளியே மதில் ஓரம் நின்ற ஞானேஸ்வரியையும் கோசலா கூப்பிட்டு, முதலில் அவருக்குத்தான் கதிரையை இழுத்துப் போட்டார்.

"எல்லாரும் இது பெரஹெர டேப் எண்டு நினைச்சிட்டினம்," என்று தொடங்கினார். "கண்டியிலை அப்பிடித்தான் நினைக்கத் தோன்றும். பெரஹெர டேப் எண்டால் சந்திரகுமார் வந்த நாளிலும் அது இருந்திருக்கவேணும். இருந்திருந்தால் புகை அடிச்சும் மணி அடிச்சிருக்காது. அப்ப அவர் பொய் எழுதினவர் எண்டு ஆகும். அந்தக் கணக்குச் சரி. ஆனால் டேப்பிலை பஞ்சு இல்லை."

"நெருப்புல எரிஞ்சிருக்கும்," என்றார் ராஜலிங்கம்.

"டேப் உருகாமல் அதிலை இருந்த பஞ்சு மட்டும் எரியுமோ? பக்கத்துச் சுவரிலை பஞ்சு அப்பிடியே கிடக்குது. ஆனால் சுவரிலை கிடக்கிறது எத்தினை வருசத்துப் பஞ்சு எண்டு எனக்குத் தெரியாது. ஓகஸ்ட்டிலை இருந்து இண்டைக்கு வரைக்கும் ஒரு டேப்பிலை எவ்வளவு படியும் எண்டு பாக்கவேணும். அதுக்குத்தான் மேலை போனது. சலவையறையிலை இருந்து தூரமான மூண்டாம் மாடியிலேயே டேப் தெரியாத அளவுக்குப் படிஞ்சிருக்கு. சலவையறைக் குழாயிலை இருக்கிறது ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள் டேப்."

"அப்ப அவரு உரிச்சது உண்மைதான்!" என்று ஞானேஸ்வரி எழுந்துவிட்டார்.

"ஓம். அவர் உரிச்சவர், சோதிச்சவர், போயிட்டார். பிறகு அவர் இந்தப் பக்கம் வரேல்லை எண்டு வாசலிலை வாற ஆக்களைப் பதியிற புத்தகம் சொல்லுது. தீக்கு முதல் நாள் வேறை ஆரோ ஒட்டியிருக்கினம். ஏன்? புகை வரப்போகுது எண்டு தெரிஞ்சதாலை. அண்டைக்குச் சலவையறையிலை பூசை. சாம்பிராணி." கோசலா நிறுத்தினார். "குழாய்க் கதவுக்குச் சாவி ரெண்டு. ஒண்டு சந்திரகுமாரின்ரை கம்பனியிலை. மற்றது..."

"என்ட கையில," என்றார் பஹ்மி.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"போன வருஷப் பூசையில ராக்கம்மாக்கா போட்ட சாம்பிராணிக்கு பெல் அடிச்சிட்டு. மெனேஜர் அவவ லொபியில வெச்சி, எல்லாருக்கும் முன்னுக்கு ஏசினாரு. அவ அழுதுட்டா. இந்த முற அப்பிடி ஆகப்படாதுன்னு நானாத்தான் ஒட்டின. அவ கேக்கவும் இல்ல. அவக்கு இது தெரியவும் தெரியா." தொப்பியை இரண்டாக மடித்தார். "அடுத்த நாள் காலையில கழட்ட நெனச்சிட்டு ஈந்த. பொய்லர் சாமான் எடுக்க கட்டுகஸ்தோட்டைக்குப் போன்னு சென்னாங்க. திரும்பி வரக்குள்ள நெருப்புப் புடிச்சி ரோட்டெல்லாம் சனம்."

"எட்டு நாளா எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு," என்றார் ஞானேஸ்வரி. சத்தம் போட வந்தவர் போலத்தான் தொடங்கினார். ஆனால் பஹ்மியின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பஹ்மி நானா."

"எனக்கு மூணு பொம்புளப் புள்ளைகள் ஈக்கி தங்கச்சி. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் செல்லுவம், நாளைக்குச் செல்லுவம்னு..."

ராஜலிங்கம் கையை விரித்தார். "பாத்தீங்களா மேடம்? இதுக்கும் ஹோட்டலுக்கும் சம்பந்தமே இல்ல. டேப்பு ஒட்டுங்கன்னு நான் எங்கயாவது எழுதிக் குடுத்திருக்கேனா?"

"இல்லை. எழுதாமல்தான் வருசா வருசம் நடக்குது. அதை நான் எழுதுவன். ஆனால் கையெழுத்தில்லாத பழக்கத்தை ஆரும் கோர்ட்டிலை நிறுத்துறேல்லை." பிறகு கோசலா ஞானேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "அம்மா, இன்னும் ஒண்டு இருக்கு. மூண்டாம் மாடி டேப் ஓகஸ்ட்டிலை இருந்து உரிபடவே இல்லை. அதையும் சோதிச்சன் எண்டு உங்கடை வீட்டுக்காரர் கையெழுத்து வைச்சிருக்கிறார்."

ஞானேஸ்வரிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவர் மறுபடியும் கதிரையில் உட்கார்ந்தார்.

"அன்டைக்கு மூணாம் மாடி ஃபுல்," என்றார் பஹ்மி, தன்னைவிட அவரைக் காப்பாற்ற முயல்பவர் போல. "ஏணி வெக்க வேணாம்னு மெனேஜர் சென்னாரு. பாதி ஷீட்டக் கொண்டு போனா கம்பனியில ஏசுவாங்கன்னு சந்திரகுமார் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு நின்டாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் ஈந்த."

"அந்தத் துண்ட எழுதாம விட ஏலாதா மிஸ்?" என்று கேட்டார் ஞானேஸ்வரி.

"அந்தத் துண்டு இல்லாட்டில் இந்தத் துண்டு புதுசு எண்டு காட்ட ஏலாது. அவரை வெளியிலை கொண்டு வாறதும் அதுதான். அவர் பொய் எழுதினவர் எண்டு சொல்லுறதும் அதுதான்." கோசலா தன் கைகளைப் பார்த்தார். "வேறை வழி இருக்குதோ எண்டு மேலை நிக்கேக்கையே யோசிச்சுப் பாத்தன்."

கொண்டுவந்து வைத்த இஞ்சிப் பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது.

மாலை வகுப்புக்கு நிலூஷா போகவில்லை. ஞானேஸ்வரியை ஹுன்னஸ்கிரிய பஸ் வரை கூட்டிப்போனாள். வழியெல்லாம் ஆறுதலாக ஒரு வாக்கியம் தேடினாள். கிடைத்த ஒவ்வொன்றும் வாயில் வருமுன்பே பொய்யாகத் தெரிந்தது.

"வேலைக்கு இனி எடுக்க மாட்டாங்க, இல்ல?" என்று ஞானேஸ்வரி கேட்டார்.

"தெரியாதுக்கா."

"கேஸு?"

"ராக்கம்மாக்கா விஷயத்துல அவர் மேல குத்தம் வராதுன்னு மிஸ் சொன்னாங்க. மத்தது... தெரியாதுக்கா."

பஸ் வந்தது. ஏறிய ஞானேஸ்வரி படியில் நின்று திரும்பினார். "எங்கிட்ட சத்தியம் பண்ணும்போது அவரு டேப்ப உரிச்சேன்னுதான் சொன்னாரு தங்கச்சி. எல்லாத்தையும் உரிச்சேன்னு சொல்லல. நாந்தான் கேக்காம விட்டுட்டேன்."

அம்பிட்டிய பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நிலூஷா அன்று பார்த்ததை வரிசையாக எழுதி முடித்து, கடைசியாக இதை எழுதினாள்.

நாளை, சனி. மிஸ் பஹ்மியோடு பொலிஸுக்குப் போகிறார். நான் எட்டு மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஞானேஸ்வரியைச் சந்தித்து, பல்லேகல ரிமாண்ட் சிறைக்குப் போய், அறிக்கையில் இரண்டு துண்டு டேப்பும் இருக்கும் என்று சந்திரகுமாரிடம் சொல்ல வேண்டும்.