அடைத்த ஓட்டைகள்

பூசி ஒரு வாரமாகியும் சிமெண்ட் காயவில்லை. தொட்டுப் பார்த்தான், சில்லென்று இருக்கவேண்டிய சுவர் காய்ச்சல்காரன் நெற்றிபோல வெதுவெதுப்பாக இருந்தது.

“கொத்தனாருக்குக் கலவை போடவே தெரியல, தண்டம்!”

தன்னைத் தவிர எல்லாரும் அரைவேக்காடு என்பது அவன் தீர்மானம். இந்தக் கல்வீட்டைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை முதல் அரைவேக்காடு. முழக் கனத்துக்குச் சுவர் எழுப்பி, தேக்கில் உத்தரம் போட்டுவிட்டு, அறைக்கு அறை தரையோரமாகப் பெருச்சாளி நுழைகிற அளவுக்கு ஓட்டை வைத்திருக்கிறான்! பின்னால் குடியிருந்தவர்களோ அதை அடைக்கக்கூடத் துப்பில்லாத சோம்பேறிகள். அவன் மகளுக்கு வீசிங். அந்த ஓட்டைக் காற்றுதான் பிள்ளையின் நெஞ்சைக் கட்டுகிறதென்று, குடிவந்த கையோடு எல்லாவற்றையும் அடைத்துவிட்டான்.

“காரணமில்லாமயா வச்சிருப்பாங்க?” என்றாள் மனைவி.

“ஆமா, பேய் வந்து போக வச்சாங்க. போய் வேலையப் பாரு.”

இன்று மகளும் ஆரம்பித்தாள். “அப்பா, வீட்டுக்கும் வீசிங்ப்பா. பாவம்.”

“அம்மாவுக்குத் தப்பாம பொறந்திருக்க,” என்று சிரித்தான்.

சாயங்காலம் மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மழையில் கரண்ட் போனது. கூடத்தில் நனைந்த சுண்ணாம்பு வாடையும், அதற்கு அடியில் தூங்கி எழுந்தவன் வாய் நாற்றம் போன்ற ஒன்றும் மெல்லப் பரவ, சாத்திய ஜன்னலின் திரைச்சீலை யாரோ இழுத்ததுபோல் சுவரோடு ஒட்டி, வெகுநேரம் கழித்து உப்பி, மறுபடியும் ஒட்டியது. கூடவே ஒரு விசில் சத்தம். உய்ய்ய்... உய்ய்ய்...

மகளுக்குத்தான் இழுக்கிறது! இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினான். நடையில், சத்தம் இடப்பக்கச் சுவரிலிருந்து வந்தது. அப்புறம் வலப்பக்கம். அப்புறம் காலடியில்.

“சீ, ஈரச் சுவர்,” என்றான். மகள் அறைக் கதவைத் தள்ளினான்.

கட்டில் காலி.

மகள் தரையில் மண்டியிட்டிருந்தாள். அடைத்த ஓட்டையில் வாயை வைத்து அழுத்தியபடி.

“கண்ணு, எழுந்திரு.”

தோளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். உதடுகள் சிமெண்டுக்குள் இருந்தன.

கண்கள் மட்டும் அவனைப் பார்த்தன. அவள் வயிறு ஒட்டியது. பின்னால் அறை ஜன்னலின் திரைச்சீலை உப்பியது. வயிறு இன்னும் ஒட்டியது. திரைச்சீலை இன்னும் உப்பியது.

விசில் சத்தம் நின்றுவிட்டது. சுவரிலும். அவளிடத்திலும்.

அவன் விரலடியில் சிமெண்ட் காயத் தொடங்கியிருந்தது.