பால் கேட்ட கரண்டி

வடகாற்று அடிக்கும் நாட்களில் வெராக்ரூஸில் யாரும் முடி வெட்டிக்கொள்வதில்லை. வெட்டித்தான் என்ன பயன்? வாசலைத் தாண்டியதும் காற்று தன் இஷ்டத்துக்கு வாரிவிடும். ஆகவே அன்று மதியம் ஃபிதென்சியோவின் சலூனில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஃபிதென்சியோ. மற்றவர் வெட்டுவதற்கு முடியே இல்லாத கிரிசாந்தோ உத்ரேரா.

உத்ரேரா சுங்கத்துறையில் முப்பத்தோரு வருடம் அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எவனும் பொய் சொல்லலாம். பெட்டியைப் பிடித்திருக்கும் கை பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு ஊர்க்காரர்கள் பெட்டிகளுக்குப் பதிலாகத் தங்கள் தொல்லைகளைச் சுமந்துகொண்டு அவரிடம் வந்தார்கள். சலூனின் மூன்றாவது நாற்காலிதான் அலுவலகம்.

கதவு திறந்தது. ஒரு பெண்ணும் அவளோடு ஒரு கைப்பிடி மணலும் உள்ளே வந்தன.

“கதவைச் சாத்தும்மா, பாதிக் கடற்கரை உள்ளே வந்துடுச்சு” என்றான் ஃபிதென்சியோ. பிறகுதான் முகத்தைப் பார்த்தான். “அட, எர்மிலா! என்ன, அழுதியா?”

“மண்ணு விழுந்துச்சு” என்றாள் எர்மிலா. வெளியூர்க்காரர்களைச் சாப்பாட்டுக் கடை, அருங்காட்சியகம், மீன் சந்தை என்று நடத்திக் காட்டுவது அவள் தொழில். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “ஐயா, இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சுற்றுலா ஆபீஸ்ல இதைப் பிடுங்கிடுவாங்க. பதினோரு வருஷமா இதை வெச்சுத்தான் அடுப்பு எரியுது. எனக்கு வேற எதுவும் தெரியாது.”

உத்ரேரா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “நேத்துக் காலையிலேருந்து சொல்லு. என்ன குடிச்சீங்கன்னுகூட விடாதே.”

அவள் சொன்னாள். இரண்டு நாள் சுற்றுக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். பியூப்லாவிலிருந்து புதுசாய்க் கல்யாணமான ஜோடி. மோந்தெர்ரேயிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், ஒத்தீலியா அம்மாள். சிவாவாவின் பாலைவனப் பக்கத்திலிருந்து ஒரு மரக்கடைக்காரர், பெயர் அர்னுல்ஃபோ தெரான், ஐம்பது வயதிருக்கும். நால்வரும் இந்த ஊருக்கே முதல் தடவை. தெரான் கடலையே முதல் தடவையாகப் பார்ப்பதாகச் சொன்னார்.

“முதல்ல துறைமுகத்துக்கு எதிர்ல இருக்கிற காப்பிக்கடை. காத்துக்கு ஒரு ஈ காக்கா இல்ல, எங்க மேசை மட்டும்தான். அங்க எப்பவும் நான் ஒரு வேடிக்கை காட்டுவேன் ஐயா. டம்ளர்ல ரெண்டு விரல் காப்பி டிக்காஷன் மட்டும் வரும். கரண்டியால டம்ளரைத் தட்டினாத்தான் கெட்டிலோட வந்து பால் ஊத்துவாங்கன்னு சொல்லி, எல்லாரையும் தட்ட வைப்பேன். குழந்தைங்க மாதிரி சிரிப்பாங்க. நேத்து அதுக்கும் கொடுத்து வைக்கல. வேன் டிரைவரோட சண்டை போட்டுட்டு வர்றதுக்குள்ள எல்லார் டம்ளரும் நிறைஞ்சிருந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் படகுக்காரங்க அருங்காட்சியகம். பின் அறைக் கண்ணாடிப் பெட்டியில எவாரிஸ்தோ லகுனேஸோட பைக்கடிகாரம் இருக்குல்ல, அதை எடுத்து எல்லார் கையிலயும் கொடுத்தேன். பூட்டு ரொம்ப நாளா கெட்டுக் கிடக்கு. கையில வாங்கிப் பாத்தா சனங்க சந்தோஷப்படுவாங்க, கூட அஞ்சு பத்து கொடுப்பாங்க. தப்புதான். திரும்ப வெச்சேன். உடனே கரண்ட் போச்சு. பத்து நிமிஷம் கும்மிருட்டு. நாங்க கிளம்பிப் போனப்புறம் பாத்தா கடிகாரம் இல்லையாம். ‘கடைசியாத் தொட்டது நீதான்’னு காப்பாளர் இலாரியோ புகார் எழுதிட்டார்.”

“இலாரியோதான்!” என்று துள்ளினான் ஃபிதென்சியோ. “அண்ணே, அவன் மீசையை நான் பத்து வருஷமா ஒதுக்கறேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்ததே கிடையாது. அந்த மாதிரி ஆளை நம்ப முடியுமா?”

“உன் கத்தரிக்கோலை நம்பற எவனையும் நம்ப முடியாதுதான்” என்றார் உத்ரேரா. “கடிகாரம் தங்கமா?”

“இல்லைங்க, நிக்கல் பூச்சு. துருப்பிடிச்சது.” அவள் பையிலிருந்து அருங்காட்சியகத்தின் துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தாள். உத்ரேரா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். மங்கிய படம். பெரிய முள் எட்டில் நின்றிருந்தது. சின்ன முள் நாலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது.

“அதைக் காட்டும்போது சனங்ககிட்ட என்ன சொல்லுவே?”

எர்மிலா கூச்சப்பட்டாள். “கடிகாரத்துக்குக் கீழ வெச்சிருக்கிற அட்டையைப் படிப்பேன். அப்புறம் ஒரு ஜோக்கு. ‘இந்த ஊர்ல எல்லாப் படகோட்டியும் கடல்ல மூழ்கித்தான் செத்தான், லகுனேஸ் மட்டும் ரம்முல மூழ்கி, அப்புறமாக் கடலுக்குப் போனான்’னு. எப்பவும் சிரிப்பாங்க.”

“நேத்தும் சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

மூவரும் அருங்காட்சியகத்துக்கு நடந்தார்கள். கடலோரச் சாலையில் மனித வாடையே இல்லை. சிப்பிக்கடைகள் தார்ப்பாய் போர்த்திப் படுத்திருந்தன. வானமும் கடலும் ஒரே சாம்பல் துணியில் வெட்டியவை போலிருந்தன. இரண்டுக்கும் நடுவில் கப்பல்கள், போக வழியில்லாமல், துறைமுகத்துக்கு வெளியே வரிசையாக நின்று ஆடிக்கொண்டிருந்தன.

காப்பாளர் இலாரியோ கழுத்துச் சால்வையோடு வாசலில் நின்றார். “அவளை உள்ளே விடமாட்டேன்” என்றார்.

“விட வேண்டாம். அவள் வெளியில குளிரட்டும். நீங்களும் துணைக்கு நின்னு குளிருங்க. நாங்க பாத்துட்டு வரோம்” என்றார் உத்ரேரா. இலாரியோ முணுமுணுத்துக்கொண்டே எல்லோரையும் உள்ளே விட்டார்.

பெட்டிக்குள் தூசியில் வட்டமாக ஒரு சுத்தமான இடம். அதற்கு ஒரு சாண் தள்ளி, ஏதோ கப்பல் தலைவருக்குக் கொடுத்த தங்கப் பதக்கம் பத்திரமாக மின்னிக்கொண்டிருந்தது. கடிகாரம் இருந்த இடத்தின்கீழ் அட்டை.

ஃபிதென்சியோ சத்தமாகப் படித்தான்: “‘படகோட்டி எவாரிஸ்தோ லகுனேஸின் கடிகாரம். உடலோடு மீட்கப்பட்டது. புயல் எச்சரிக்கையாக மாலை நான்கு மணிக்கு ஏற்றப்பட்ட சிவப்புக் கொடியைக் குடிபோதையில் பொருட்படுத்தாமல் படகை எடுத்து, ஒன்பது பயணிகளோடு மூழ்கினார்.’ நாப்பது வருஷம் ஆச்சுண்ணே. ஒன்பது உசிரு. பாவி.”

“இந்த அட்டையை எழுதினது யாரு?” என்று கேட்டார் உத்ரேரா.

“படகு முதலாளி. இந்தக் கட்டடமே அவர் கொடுத்தது” என்றார் இலாரியோ.

உத்ரேரா தலையசைத்துக்கொண்டார். “எர்மிலா, உன் ஆளுங்க நாலு பேரும் இன்னும் ஊர்லதானே இருக்காங்க?”

“இன்னிக்கும் சுத்து இருக்கே ஐயா. தெரான் மட்டும் நேத்தே ஊருக்குப் போறேன்னு விமான நிலையத்துக்குப் போனார். காத்துக்கு விமானம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“நாலு மணிக்கு எல்லாரையும் அதே காப்பிக்கடைக்குக் கூட்டிட்டு வா. இலாரியோ, நீங்களும் வாங்க. அட்டையையும் எடுத்துட்டு வாங்க.”

காப்பிக்கடையில் அன்றும் ஒரே மேசைதான். ஜன்னல் கண்ணாடிகள் காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. மூலையில் இரண்டு கெட்டில்களோடு நின்ற கிழவர் செஞ்சோவிடம் உத்ரேரா முதலில் போனார்.

“நேத்துக் காலையில இந்த மேசைக்கு யார் சொல்லிப் பால் ஊத்தினே?”

“சொல்லியா?” செஞ்சோ அவமானப்பட்டுப் போனார். “எனக்கு எவனும் சொல்ல வேண்டியதில்ல. கரண்டிச் சத்தம் கேட்டுச்சு, போனேன். சத்தம் வராம இந்த இடத்தை விட்டு நான் நகந்ததே இல்ல. என் பெண்டாட்டிக்கே தட்டினாத்தான் பால்.”

உத்ரேரா மேசைக்குத் திரும்பினார். ஜோடி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒத்தீலியா அம்மாள் தன் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தார். தெரான் கனத்த மேல்கோட்டைக் கழற்றாமல் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு கேள்வி” என்றார் உத்ரேரா. “எர்மிலா வெளியில டிரைவரோட சண்டை போட்டுட்டிருந்தாள். நீங்க நாலு பேரும் இந்த ஊருக்குப் புதுசு. டம்ளரைத் தட்டணும்னு யாரும் சொல்லித் தரல. முதல்ல தட்டினது யாரு?”

“இவர்தான்!” மணப்பெண் தெரானைக் கைகாட்டினாள். “பேசிக்கிட்டே, கடலைப் பாத்துக்கிட்டே, டிங் டிங்னு. நான்கூட என் வீட்டுக்காரர்கிட்ட ‘ஐயோ, மேனர்ஸ் இல்லையா’ன்னு கிசுகிசுத்தேன். பாத்தா அந்தத் தாத்தா பாலோட வந்து நிக்கறார். அப்புறம் நாங்களும் தட்டினோம்.”

தெரான் திரும்பினார். “பக்கத்து மேசையில பாத்தேன்.”

“பக்கத்து மேசையே இல்லையே. நேத்து இங்க உங்களைத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல.” உத்ரேராவின் குரல் உயரவில்லை. “பெயரை மாத்திக்கலாம், ஊரை மாத்திச் சொல்லலாம். ரெண்டு விரல் காப்பி முன்னால வந்து நின்னா இந்த ஊர்க்காரன் கை தானாக் கரண்டியைத் தேடும். அது சின்ன வயசுல அப்பா மடியில உட்கார்ந்து கத்துக்கறது.”

“அப்போ கடிகாரத்தை எடுத்தது இவரா? எதுக்குண்ணே? கைக்கெட்டற தூரத்துல தங்கப் பதக்கம் இருந்துச்சே!” என்றான் ஃபிதென்சியோ.

“அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டேன். தங்கத்தை விட்டுட்டுத் துருவை எடுக்கிறவன் திருடன் இல்ல. அந்தத் துரு அவனோடது. தன் ஊரையே பாத்ததில்லன்னு ஒருத்தன் ஏன் மறைக்கணும்? ஊர் அவனைத் துரத்தியிருக்கணும். ஐயா, லகுனேஸ் உங்க அப்பாதானே? தெரான்ங்கிறது உங்க அம்மா அப்புறமாக் கட்டிக்கிட்டவர் பெயரா?”

அந்த மனிதர் கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எனக்கு அப்போ ஒன்பது வயசு” என்றார். அவர் பேச்சில் பாலைவனம் உதிர்ந்து துறைமுகம் எட்டிப் பார்த்தது. “எங்க வீட்டுக் கதவுல ஒன்பது சிலுவை வரைஞ்சாங்க. மீன் சந்தையில அம்மாவுக்கு யாரும் மீன் விக்கல. கடல் வாடையே வராத ஊராத் தேடிப் போனோம். திருட வரலைங்க. சாகறதுக்குள்ள ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இந்தம்மா அதை என் கையில கொடுத்தாங்க. கொடுத்துட்டு அந்த ஜோக்கைச் சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுதான் தாங்கல. கரண்ட் போச்சு, என்ன செய்யறேன்னு எனக்கே தெரியல.”

எர்மிலா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கவிழ்த்துத் திருப்பினாள்.

“எல்லாம் சரி, திருட்டு திருட்டுதானே? போலீஸைக் கூப்பிடறேன்” என்று எழுந்தார் இலாரியோ.

“கூப்பிடலாம். அதுக்கு முன்னால அந்த அட்டையை ஒரு தடவை படிங்க. கொடி ஏத்தினது எப்போ?”

“நாலு மணிக்கு.”

உத்ரேரா முடிச்சை அவிழ்த்து, கடிகாரத்தைக் காப்பாளர் முன் தள்ளினார். “இது நின்னது எப்போ?”

இலாரியோ குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். “மூணு நாப்பது” என்றார்.

“கொடி ஏறும்போது அந்த மனுஷன் இருபது நிமிஷமாத் தண்ணிக்கடியில இருந்தார். இல்லாத கொடியை எந்தக் குடிகாரன் மதிக்கறது, எந்தக் குடிக்காதவன் மதிக்கறது? கொடியைத் தாமதமா ஏத்தினவனைக் கேட்கணும், இல்ல புயல் நேரத்துல படகை அனுப்பின முதலாளியைக் கேட்கணும். கேட்க வேண்டாம்னுதான் அட்டை எழுதினாங்க.”

“கடிகாரம் மெதுவா ஓடியிருந்தா?” ஃபிதென்சியோவுக்குச் சந்தேகம் போகவில்லை.

“சுங்க ஆபீஸ் மணி பன்னெண்டு அடிக்கும்போது படகுக்காரங்க வரிசையா நின்னு முள்ளைத் திருப்புவாங்க. நான் தினம் ஜன்னல்ல நின்னு பாப்பேன். நாலு மணி நேரத்துல இருபது நிமிஷம் பின்தங்கற கடிகாரத்தை அவங்க கடல்ல எறிஞ்சிருப்பாங்க. இது நீதிமன்றத்துல நிக்குமான்னு எனக்குத் தெரியாது. நாப்பது வருஷமா ஊரே அதைக் கையில வாங்கிப் பாத்துச்சு. அட்டையைத்தான் படிச்சோம். முள்ளை ஒருத்தரும் படிக்கல. நானும்தான்.”

மேசையில் எல்லாருமே இலாரியோ கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்கள். கடைசியில் அவர் அதை நாலாகக் கிழித்து, சாம்பல் கிண்ணத்தில் போட்டார். “கடிகாரத்தைச் சுத்தம் பண்ண எடுத்துப் போயிருந்தேன், மறந்துட்டேன்னு எழுதிக் கொடுக்கறேன்” என்றார். “புது அட்டை எழுதணும். உங்க அப்பா முழுப் பெயர் என்ன ஐயா?”

தெரான் சொன்னார். ஒத்தீலியா அம்மாள், கணக்கு டீச்சர் வழக்கப்படி, எழுத்துப் பிழை இல்லாமல் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கடிகாரத்தைத் தெரானிடமே கொடுக்கலாமா என்று இலாரியோ கேட்டபோது, அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். “அங்கேயே இருக்கட்டும். பாக்கறவங்க பாக்கட்டும்.”

நாலே முக்காலுக்கு இலாரியோவும் எர்மிலாவும் சுற்றுலா அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். அடையாள அட்டை அவள் கழுத்திலேயே இருந்தது. வாசலில் அவள் திரும்பி தெரானைப் பார்த்துத் தலை தாழ்த்தினாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் காற்று நிற்கவில்லை. ஆறு பேரை அழைத்துக்கொண்டு அவள் பின் அறைக்கு வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குப் புதுப் பூட்டு. புது அட்டையில் கொடி ஏறிய நேரம், கடிகாரம் நின்ற நேரம், பத்துப் பெயர்கள். முதல் பெயர் லகுனேஸ்.

“முள்ளைப் பாருங்க” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்த இடத்துல நீங்க பிரமாதமா ஒரு ஜோக்கு சொல்வீங்கன்னு போன வருஷம் வந்தவங்க சொன்னாங்களே?”

“இருந்துச்சு” என்றாள் எர்மிலா. “அது யாரோட வீட்டுச் சாவுன்னு தெரியாத வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”