கூரை தாங்கும் பெண்

சிலை சிறுக்கவில்லை.

“ஈரமண் காய்ந்தால் சிறுக்கத்தான் வேண்டும் கண்ணுங்களா” என்பாள் சுகுணா, பள்ளிப் பிள்ளைகளிடம். அது மண்ணின் குணம். சுகுணா கயிற்றை உச்சியிலிருந்து பாதம்வரை மறுபடியும் விட்டுப் பார்த்தாள். வனைந்த அன்று போட்ட முடிச்சு அதே பாதத்தில்தான் வந்து நின்றது. கன்னத்தைத் தொட்டாள். வியர்த்த தோல்போல ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது.

மலைமேல் செம்மேட்டு ஊருக்கு வெளியே எழும்பிக்கொண்டிருந்த ஒரு விடுதியின் முகப்புக்கான சிலை அது. கிரேக்க நாட்டுக் கோயில் ஒன்றில் தூண்களுக்குப் பதிலாகப் பெண்கள் நின்று தலையால் கூரையைத் தாங்குகிறார்களாம். அதைப்போலவே வேண்டும் என்றார் முதலாளி. முன்னால் செய்த இரண்டும் சூளையில் வெடித்துவிட்டன. இதுவும் போனால் வேலை வேறு ஆளுக்கு. பள்ளிக்கூடத்தில் களிமண் வாத்து செய்யச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவளுக்கு, பேர் சொல்ல இனி இன்னொன்று வாய்க்காது.

மாதிரிக்கு நின்றவள் பாப்பாயி. மண் பிசைய வந்த மலைக்காரி, வாழவந்தி நாட்டுப் பக்கம். மரவள்ளி மூட்டை சுமந்து பழகிய கழுத்து அசையவே அசையாது.

“அந்தூர்லயும் பொம்பளைங்கதான் சொமக்கறாங்களாக்கா? ஆம்பளைங்க எங்க போனாங்க?”

“உள்ள சாமி கும்பிடப் போயிருப்பாங்க.”

பாப்பாயி விழுந்து விழுந்து சிரித்தாள். வனையும் முன் அளவெடுக்க சுகுணா கயிற்றை எடுத்ததும் சிரிப்பு நின்றது.

“வேண்டாங்கக்கா. உசுரோட நிக்கறவள கயித்துல அளக்கக் கூடாதுங்க. குழி வெட்டறதுக்குத்தான் அப்படி அளப்பாங்க.”

“சும்மா நில்லு கண்ணு. உன்னைவிடக் கொஞ்சம் பெருசா வனைவேன். காஞ்சு, வெந்து, சரியா உன் அளவுக்கு வந்துரும்.”

அளந்தாள்.

அதற்குப் பிறகுதான் பாப்பாயியின் வளையல்கள் கையில் நிற்காமல் நழுவத் தொடங்கின. ஜாக்கெட் தோளில் தொங்கியது. தாகம் தாகம் என்று சொம்பு சொம்பாகக் குடித்தாள். உதடு மட்டும் வெடித்துக்கொண்டே போனது. முழங்கையில் மெல்லிய கோடுகள் விழுந்தன. குளம் வற்றும்போது சேற்றில் விழுமே, அந்தக் கோடுகள்.

“அத ஒடச்சுப் போட்டுருங்கக்கா,” என்றாள் சிலையைப் பார்க்காமலே. “எம்புள்ள பூங்குழலிக்கு நாலு வயசுதான் ஆவுது. என்னை உட்டா அவளுக்கு ஆருமில்லீங்க.”

சுகுணா கட்டையை எடுத்தாள். உண்மையாகவே ஓங்கினாள். ஆனால் அந்த முகம், அவள் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல முகம். கட்டை தானாகக் கீழே இறங்கியது.

“காய்ச்சலா இருக்கும். ஆஸ்பத்திரியில காட்டு.”

ஈரமண்ணைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். தெரிந்தேதான் வைத்தாள். வெடித்தால் வெடிக்கட்டும், உடைத்தது நானில்லை என்று ஆகிவிடும்.

சாயங்காலம், மூடுபனி பலாமரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு பட்டறை வாசல்வரை வந்துவிட்டது. கேஸ் நெருப்பு ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, சூளையின் இடுக்கு வழியாக ஒரு வாசம் கசிந்தது. மண் வேகும் வாசம் இல்லை. தேங்காய் எண்ணெய். கருகும் முடி.

வெடிக்கவில்லை.

வாசலில் நடை. ஓட்டின்மேல் ஓடு உரசும் சத்தம்.

“அக்கா. சூடா இருக்குதுங்கக்கா.”

பிறகு அந்தக் குரல் வரவில்லை.

சுகுணா கேஸை மூடினாள். இரைச்சல் அடங்கியது. வாசலுக்கு ஓடினாள்.

பனிக்குள் பாப்பாயி நின்றாள். கழுத்து நிமிர்ந்து. சுட்ட செங்கல் நிறத்தில். சுகுணாவின் வளையல் அவள் தோளில் பட்டது. டிங் என்றது. நன்றாக வெந்திருந்தது.

கண்கள் மட்டும் அசைந்தன.

பாப்பாயியின் கைக்குள் பூங்குழலியின் கை.

“அம்மா கைய உட மாட்டேங்குது,” என்று பிள்ளை அழுதது.

பின்னால், சிலை இருந்த சூளைக்குள், யாரோ தட்டினார்கள். மெதுவாக. ஈரக் கையால்.

“பூங்குழலி. வா சாமி.”

பாப்பாயியின் குரல். ஆனால் ஒருநாளும் மூட்டை சுமந்து களைக்காத குரல்.

பிள்ளையின் அழுகை நின்றது. முகம் மலர்ந்தது. “அம்மா உள்ள கூப்புடுது!” சூளையைப் பார்த்துக் கையை இழுத்தது. இன்னும் பலமாக இழுத்தது.

சுட்ட விரல் ஒன்றில் விரிசல் ஓடியது.