மூன்றாம் மாடிக்குத் தண்ணீர்

வெளிநாட்டில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் பதினாறு வருஷம் வெல்டர்களை விரட்டி வேலை வாங்கியவருக்கு, வேலையை விட்டுவிட்டு வந்த பிறகும் 'ஃபோர்மேன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள், கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வாடகைக்கு வீடு பிடித்துப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். புரோக்கர் இங்கே வீடு வீடாகப் போனைத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஃபோர்மேன் அங்கிருந்தே, ஜன்னலைத் திற, குழாயைத் திற என்று அதட்டுவார். அப்படிப் பிடித்ததுதான் இந்த மூன்றாம் மாடி வீடு.

சாமான்களோடு அவர்கள் வந்து இறங்கியது நல்ல உச்சி வெயிலில். மூன்று பக்கமும் ஜன்னல், கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம். இத்தனை வருஷம் அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடந்த மனைவி, அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வயது மகள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடினாள். அவளுக்கு அவர் இன்னும் லீவில் வந்துபோகிற மனுஷன்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மரியாதையாகத் தள்ளி உட்காருவாள். ஒரே கூரையின் கீழ் இருந்தால் அதெல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். அதற்காகத்தான் இந்த வீடு. அதற்காகத்தான் அந்தக் காரியமும்.

அந்தக் காரியம் மனைவிக்குத் தெரியாது. வீட்டில் முன்பு ஒரு தையல்காரம்மா குடியிருந்தாள். வயதான தனிக்கட்டை. பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகள் பாதி வெட்டியும் பாதி தைத்தும் கிடக்கின்றன, இரண்டே மாதம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரைக் கேட்டிருந்தாள். ஃபோர்மேனோ பயணச் சீட்டு வாங்கிவிட்டார், சாமான்களையும் கப்பலில் ஏற்றிவிட்டார். வீடியோவில் புரோக்கர் தலையைச் சொறிந்தபோது, இவருக்குச் சட்டென்று வழி தோன்றிவிட்டது.

"மூணாம் மாடிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டுப் போடச் சொல்லுங்க. தண்ணி இல்லாத வீட்டுல எத்தனை நாள் இருப்பாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தார். புரோக்கரின் முதுகுக்குப் பின்னால், கழுத்தில் அளவு நாடாவோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். போனுக்குள்ளிருந்த இவர் முகத்தை மட்டும் பார்த்தாள்.

தெருக்குழாயிலிருந்து மூன்று மாடிக்கு எட்டு நாள் குடம் சுமந்தாளாம். ஒன்பதாம் நாள் கால் வழுக்கி, குடத்தோடு உருண்டு உயிரை விட்டாளாம். புரோக்கர் போனில் சொன்னபோது ஃபோர்மேன், வெள்ளையடித்தாயிற்றா என்று கேட்டார்.

முதல் நாள் எதுவும் இல்லை. இரண்டாம் நாள், மகளைப் பள்ளியில் சேர்க்க மனைவி கூட்டிப் போயிருந்தாள். மதியம் தெருவே அடங்கிக் கிடந்தது. படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது.

மெல்ல மெல்ல ஏறும் கால்கள். ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் தளும்பியது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியது.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

அவர் திறந்தார். யாரும் இல்லை. வாசற்படி மட்டும் நனைந்திருந்தது. நனைந்த புதுத்துணியின் கஞ்சி வாடை அடித்தது.

முகம் கழுவலாம் என்று குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. மனைவி திரும்பி வந்து திறந்தாள், கொட்டியது. அவர் கையை நீட்டினார், நின்றது.

"எனக்கு நல்லாத்தானே வருது?" என்றாள் அவள்.

ஐந்து நாள் இப்படியே போயிற்று. குளிக்கப் போனால் வாளி காய்ந்தது, குடிக்க எடுத்தால் தம்ளர் வெறுமையாக இருந்தது. மனைவி மொண்டு கொடுத்த தண்ணீர்கூட அவர் உதட்டைத் தொடும்போது இல்லாமல் போனது. வெளியே போய்த்தான் குடித்தார். ஆறாம் நாள் மகள் தானாக அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு கணம் அவருக்கு எல்லாம் மறந்து, நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அப்பா, எனக்கு யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்துட்டாங்க," என்று கிசுகிசுத்தாள்.

"யாரும்மா?"

"பின் ரூம்ல இருக்கிற பாட்டி. கையெல்லாம் ஒரே ஜில்லுனு இருந்துச்சு."

அவளுடைய தோளிலும் இடுப்பிலும் சட்டை ஈரமாக இருந்தது.

அன்று சாயங்காலமே வீட்டைக் காலி செய்தார். தண்ணீர் உப்பு, உடம்புக்கு ஆகாது என்று மனைவியிடம் ஒரு பொய்யைச் சொன்னார். செத்தவள் செத்த வீட்டோடு கிடக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். லாட்ஜில் குழாய் அவர் கைக்கும் திறந்தது. வயிறு முட்டக் குடித்தார். குடித்துவிட்டு அழுதார்.

பத்தாம் நாள் ஊரின் மறுகோடியில் வேறொரு வீடு அமைந்தது. தரை வீடு, ஏறப் படியே கிடையாது. வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற நர்ஸ், கலகலவென்று பேசுபவர். மனைவி கொல்லைப் பக்கம் கிணற்றைப் பார்க்கப் போனாள். மகள் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். ஃபோர்மேன் வாசலில் நின்று, இனி எந்த ஊருக்கும் போவதில்லை, இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான் என்றார். வீட்டுக்காரம்மா அவரை வினோதமாகப் பார்த்தார்.

"உங்க அம்மா வேற மாதிரி சொன்னாங்களே?"

அவருடைய அம்மா இறந்து இருபது வருஷம் ஆகிறது.

"எந்த அம்மா?"

"காலையிலயே வந்து வீட்டைப் பார்த்துட்டாங்க. பின் ரூம் வெளிச்சமா இருக்கு, உட்கார்ந்து தைக்கத் தோதா இருக்கும்னாங்க. நான்தான் கேட்டேன், மொத்தம் எத்தனை பேர் இருப்பீங்கன்னு. மூணே பேர்தான்னாங்க. 'நான், மருமக, பேத்தி'ன்னு எண்ணிக் காட்டினாங்க." வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "நீங்க இருக்க மாட்டீங்களாமே? மறுபடியும் வெளிநாடா?"

உள்ளே, பின்னறையில், மகள் யாரோ சொன்னதற்கெல்லாம் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.