முதுகு காட்டி நின்றவன்

"நான் கீழ முதுக காட்டிகினு நிக்கிறேன்னு வெச்சுக்க. நீ மேல கிரேன்ல குந்திகினு கீற. இன்னா பண்ணுவ?"

"ஆரன் அடிப்பேன்."

"ஆரனும் கெடையாது, ஒன்னியும் கெடையாது. லிவர்லேர்ந்து கைய எடுத்துடணும். சிக்னல்காரன் மூஞ்சி தெரியலன்னா லோடு ஒரு இஞ்சு நவரக்கூடாது. அதான் ரூலு."

"அப்ப நான் கோச்சுகினு முதுக காட்டி படுத்தா?"

"அன்னிக்கு ஸ்ட்ரைக்குதான்மே. நீயா திரும்பி மூஞ்ச காட்ற வரிக்கும் நான் கைய கட்டிகினு நிப்பேன்."

குணசேகரன் அப்படித்தான் நிற்பான். கட்டிலுக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, ரமாபாய்க்குச் சிரிப்பு வந்து அவள் திரும்பும் வரை. எட்டு வருடக் குடித்தனத்தில் அவர்கள் போட்ட சண்டைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் முடிந்தன.

துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்கும் இடத்தில் நின்று, கையசைவால் கிரேன்காரருக்கு வழி சொல்வது அவன் வேலை. இரண்டு வருடம் முன்பு, ஒரு மதியம், எதையோ பார்க்க அவன் முதுகைத் திருப்பினான். மேலே இருந்தவர் லிவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து வெள்ளைத்துணி சுற்றிய உடலாக வந்தான். முகத்தின் மேல் மட்டும் துணி இரண்டு மடங்கு சுற்றியிருந்தது. அவனுடைய அக்கா பச்சையம்மா ரமாபாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் ரமா. நீ பாத்த மூஞ்சியே உன்னாண்ட இருக்கட்டும்." ரமாபாய் தலையாட்டினாள். கேட்க நினைத்தது தொண்டையிலேயே நின்றது. அதன் பிறகு அவள் அழவில்லை. பசித்தால் சாப்பிட்டாள். பஸ் வந்தால் ஏறினாள்.

ராயபுரத்தில் கிரேன் ஓட்டக் கற்றுத்தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. நிஜக் கிரேனில் ஏறும் முன் கம்ப்யூட்டருக்குள் இருக்கும், கன்டெய்னர் அடுக்கும் யார்டில் பழக வேண்டும் என்பது அங்கே புதுத் திட்டம். தலையில் மாட்டினால் கண்முன்னே யார்டு தெரியும் ஹெட்செட்டுகள் மூன்று, மூன்று கம்பெனிகளிலிருந்து மாதிரிக்கு வந்திருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார்டை வரைந்த ஜேக்கப்தான் அவளைக் கூப்பிட்டான். "என் கண்ணுக்குப் பயகிப்போச்சுக்கா. புதுக் கண்ணு ஓணும். மாட்டிப் பாத்து ஃபாரத்துல எய்து."

காலை பதினோரு மணி. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. காசிமேட்டுக் கருவாட்டு வாசனையும் டீசல் புகையும் கலந்து, நாள் முழுக்க அந்த அறையில் தங்கும் அதே கனத்த காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

முதல் ஹெட்செட் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போலக் கனத்தது. கழுத்தைக் கீழே இழுத்தது. கொசுவலை வழியாகப் பார்ப்பது போல, சாம்பல் நிறத் தரையும், அடுக்கி வைத்த பெட்டிகளும், மேகமே இல்லாத வானமும் தெரிந்தன. தலையைத் திருப்பினால், எழுப்பியும் எழாத பிள்ளை மாதிரி, யார்டு சற்றுத் தாமதமாகத் திரும்பியது. தூரத்தில் மதிலோரம் மஞ்சளாக ஒரு புள்ளி. கழற்றிவிட்டு எழுதினாள்: எடை அதிகம். காட்சி மங்கல்.

இரண்டாவது மூக்குக்கண்ணாடி போல லேசு. ஆனால் மூக்கின் இரு பக்கமும் வெளிச்சம் கசிந்தது. கீழே தன் புடவை மடிப்பே தெரிந்தது. மஞ்சள் புள்ளி இப்போது பெட்டிகளுக்கு நடுவே வந்திருந்தது. புள்ளி இல்லை. ஹெல்மெட். அதன் கீழே நீலச் சட்டை. முதுகு.

"ஜேக்கப், உள்ள ஆளுங்களயும் போட்டுட்டியா?"

"ஆளா? பொட்டிக்கே கம்ப்யூட்டர் முக்கிகினு கீது. ஆள வேற போட்டா படுத்துடும்கா. இன்னா, தல சுத்துதா? மோர் வாங்கியாரட்டா?"

"வேணாம்."

தலைசுற்றல் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

"இத மாட்டு. மூணுலயும் இதான் டாப்பு. தல திரும்பினா கூடவே திரும்பும்," என்ற ஜேக்கப், மேஜையோரம் பொருத்தியிருந்த லிவரைக் காட்டினான். "லிவர புடிச்சிகினு குந்துக்கா. டீ சொல்ட்டு வர்றேன்."

மூன்றாவதில் முகத்தைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் ரப்பர் விளிம்பு இருந்தது. அது கன்னத்தில் ஒட்டியதும் பகல் முழுவதுமாக அணைந்தது. புது ரப்பர் வாசனை. அதற்குப் பின்னால், மெல்ல, வேறொன்று: பழைய தேங்காய் எண்ணெயும் காய்ந்த வியர்வையும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத, அவனுடைய ஹெல்மெட் வாரின் வாசனை.

யார்டு வந்தது. கொசுவலை இல்லை. தாமதம் இல்லை. கிரேன் கேபினுக்கு நேர் கீழே அவன் நின்றான்.

காலரின் பின்பக்கம் ஒரு கிழிசல். நீல நூல் தீர்ந்துபோனதால் கறுப்பு நூலில் போட்ட தையல். அவள் போட்ட தையல்.

அவன் தலைக்கு மேலே, இரும்புக் கயிற்றில், கன்டெய்னர் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

முகம் தெரியவில்லை. கையை எடுக்க வேண்டும். அவளுக்கு ரூல் தெரியும். கையை எடு என்று தனக்குத்தானே சொன்னாள். விரல்கள் லிவரைச் சுற்றியே இருந்தன. யாருடைய விரல்களோ போல.

மின்விசிறியின் சத்தம் தேய்ந்தது. நின்றது. கம்ப்யூட்டரின் முனகலும் நின்றது.

படிக்கட்டிலிருந்து ஜேக்கப்பின் குரல். "கரண்டு பூட்ச்சுக்கா. எல்லாம் ஆஃப் ஆயிருக்கும். கழட்டி வெச்சிடு."

யார்டு அணையவில்லை.

இடது கையால் ஹெட்செட்டைப் பிடித்து இழுத்தாள். ரப்பர் தோலிலிருந்து உரிந்தது. மேஜைமேல் வைத்தாள். பிளாஸ்டிக் மரத்தில் படும் சத்தம் கேட்டது. கன்னத்து ஈரத்தில் காற்று பட்டது. கருவாட்டு வாசனை வந்தது.

கண்ணைத் தொட்டாள். இமை. புருவம். வேறெதுவும் இல்லை.

எதிரே சாம்பல் தரை. மேகமில்லாத வானம். ஜன்னல் இல்லை. மேஜை இல்லை.

அவன் இப்போது கீழே இல்லை. எதிரே இருந்தான். கை நீட்டினால் தொடும் தூரத்தில், முதுகு காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு. காத்திருந்தான்.

ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைத்துணியின் முனை தொங்கியது. ஓரம் ஈரமாக இருந்தது.

மேலே இரும்புக் கயிறு கிறீச்சிட்டது.

லிவரிலிருந்து அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

கயிறு நின்றது. கட்டியிருந்த கைகளில் ஒன்று அவிழ்ந்து, மெதுவாக, தோளுக்கு மேல் உயர்ந்தது. துணியின் முனையைப் பிடித்தது. அப்படியே நின்றது. சிக்னலுக்கு நிற்பது போல.

ரமாபாய் வாயைத் திறந்தாள். இரண்டு வருடமாகத் தொண்டையிலேயே நின்றது வெளியே வந்தது.

"யோவ். திரும்புய்யா. ஒரு தபா மூஞ்ச காட்டு."